'ஹெட்ட என்ன' கேட்டே அம்மாவுக்கு மூன்று நாள் சம்பளம் போய்விட்டது

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் அம்மா, பெயரைத் திருத்த அரச அலுவலகத்துக்குப் போய், நேற்றும் வெறுங்கையோடுதான் லயத்துக்கு, எங்கள் தோட்டத்து வரிசை வீட்டுக்கு, திரும்பி வந்தார். அடுத்த வருடம் ஓய்வு. அதற்குள் பெயரைத் திருத்தாவிட்டால் ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) காசு எடுப்பது சிக்கல். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு விதம், அடையாள அட்டையில் வேறு விதம். அம்மாவா எழுதினார்? சிங்களத்தில் ழ இல்லை. பழனியம்மாவை ஒருவர் பலனியம்மா என்று பதிந்தார், இன்னொருவர் பளனியம்மா ஆக்கினார். எழுதியவர்கள் பென்சனில் போய்விட்டார்கள். அலைவது அம்மா.

தோட்டத்தின் மேல் டிவிசனிலிருந்து (மேல் பிரிவிலிருந்து) விடியக் கிளம்பி, பஸ் பிடித்து, வரிசையில் நின்றால் சிங்களத்தில் மட்டும் அச்சடித்த போர்ம் ஒன்றை நீட்டுகிறார்கள். விளங்கவில்லை என்றால் 'ஹெட்ட என்ன', நாளைக்கு வா! நாளைக்கு வந்தால் அந்த நாள் பேரும், அதாவது அந்த நாள் சம்பளமும், போச்சு. கொழுந்து எடுக்காத நாளுக்கு எந்தத் தோட்டத் துரை சம்பளம் போடுவார்?

1987இல் இலங்கை அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழி ஆனது. நுவரெலியா மாவட்டத்தில் இரண்டு மொழியிலும் நிர்வாகம் நடக்க வேண்டும் என்று வர்த்தமானியே வந்தது. 2007 ஜூலைக்குப் பிறகு சேர்ந்த அரச உத்தியோகத்தர்கள் ஐந்து வருடத்துக்குள் மற்ற மொழியையும் படித்துத் தேற வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. சரி, அவர்கள் தேறிய தமிழ் அந்தக் கவுண்டரில் எங்கே போனது?

மொழி மட்டும்தான் குறை என்றால்கூடப் பொறுத்துக்கொள்வேன். போன தடவை அம்மாவுக்குக் கிடைத்தவர் நன்றாகத் தமிழ் பேசுகிறவர். "தோட்டத்து ஆட்களுக்கு எத்தனை தடவை சொன்னாலும் ஏறாது" என்று அத்தனை பேர் முன்னால் சொன்னதும் அவர்தான். அன்றைக்கு அம்மா இரவுச் சாப்பாட்டைத் தொடவே இல்லை.

அதனால்தான் சொல்கிறேன், மொழிப் பரீட்சையோடு விட்டுவிடாதீர்கள். பல சமூகத்து மக்களை எப்படி மதித்து நடத்துவது என்று ஒவ்வொரு அரச உத்தியோகத்தருக்கும் கட்டாயப் பயிற்சி கொடுங்கள். சிங்களவர், தமிழர், முஸ்லிம் என்று யாருக்கும் விலக்கு வேண்டாம். லயத்தில் தனி விலாசம் கிடையாது, கடிதம் தோட்ட ஒபிசுக்குத்தான் வரும் என்பதாவது அவர்களுக்குத் தெரியட்டும். 1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்தார்கள், அதைத் திருப்பிக் கொடுக்க 2003இலும் சட்டம் போட வேண்டியிருந்தது. எங்கள் ஆட்களின் பத்திரங்கள் ஏன் இப்படிக் கிடக்கின்றன என்று அதையும் சேர்த்துப் படிக்கட்டும்.

"குணத்தைப் பாடம் நடத்தி மாற்ற முடியுமா" என்று ஒரு நண்பர் கேட்டார். குணம் அவர் வீட்டோடு இருக்கட்டும். கவுண்டரில் இருக்கும் எட்டு மணி நேரம் எப்படிப் பேச வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கலாம், பேசாவிட்டால் கேள்வி கேட்கலாம். வயதானவரை 'அம்மே' என்று கூப்பிடும் அழகான வழக்கம் சிங்களத்திலேயே இருக்கிறதே!

அடுத்த செவ்வாய் அம்மா நான்காவது தடவையாகப் போகிறார். நானும் லீவு போட்டிருக்கிறேன். தமிழ் போர்ம் கையில் வரும்வரை அந்த வரிசையை விட்டு நகரப் போவதில்லை.