ரத்தம் எடுத்துட்டுப் போனியே, என்ன ஆச்சு?

போன வாரம் பாம்பன் பஸ் நிறுத்தத்தில் சின்னப்பாலத்து மதினி ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கடலில் முங்கிக் கடல்பாசி எடுக்கப் போகிறவர். “நாலு வருஷத்துக்கு முன்னாடி ரத்தம் எடுத்துட்டுப் போனியே புள்ள, எனக்கு சுகர் இருக்கா இல்லையா?” என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. அன்றிலிருந்து மனசு சரியில்லை.

அந்த ஆய்வில் நான் களப்பணியாளர். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றும் இங்குள்ள ஒரு நிறுவனமும் சேர்ந்து நடத்தியது. பெயர் வேண்டாம். வந்தவர்கள் அக்கறையோடுதான் வந்தார்கள். ஆனால் எங்கள் கடலின் கணக்கு அவர்கள் திட்டத்தில் எங்குமே இல்லை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு ஆண்களை வீட்டில் பிடிக்க வேண்டுமென்றால் அப்போதுதான் முடியும். முதல் கூட்டத்திலேயே சொன்னோம். வெளிநாட்டுக் கூட்டோடு நடக்கும் மருத்துவ ஆய்வுக்கு நெறிமுறைக் குழு ஒப்புதலோடு, ஐசிஎம்ஆர் என்கிற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் வழியாக சுகாதார அமைச்சகக் குழுவின் அனுமதியும் வேண்டும். நம் மக்களுக்கு அது பாதுகாப்பு, அவசியம் வேண்டும். ஆனால் அதற்கு ஆகும் மாதங்களை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. அனுமதி வந்து, பணம் வந்து, ஆள் எடுத்து முடித்தபோது ஜூலை. படகெல்லாம் கடலில். அப்புறம் ராத்திரி 7.30 மணிக்கு, அதாவது அவர்களுக்கு மதியம் 2 மணிக்கு, கணினிக் கூட்டத்தில் கேட்டார்கள்: ஆண்கள் ஏன் இவ்வளவு குறைவு?

கேள்விப் படிவம் இன்னொரு வேதனை. “வாரத்துக்கு எத்தனை மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறீர்கள்?” காலையிலிருந்து தண்ணீரில் முங்கி முங்கிப் பாசி பறித்துவிட்டு, கை விரலெல்லாம் பாறை கிழித்து வந்து உட்கார்ந்த பெண்ணிடம் இதைக் கேட்டேன். கடலுக்குப் படிவத்தில் கட்டம் இல்லை. “இல்லை” என்று குறித்தேன். மாற்றச் சொல்லி எழுதினோம்; பல நாடுகளுக்கும் ஒரே படிவம், மாற்றினால் ஒப்பிட முடியாது என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் உண்டு. ஆனால் அந்தப் பெண்ணின் உழைப்பு அவர்கள் கணக்கில் பூஜ்யம்.

ரத்தக் குழாய்கள் ஐஸ் பெட்டியில் 150 கிலோமீட்டருக்கு மேல் மதுரைக்குப் போயின. வேன் வாடகைக்குப் பணம் ஒதுக்கியிருந்தார்கள். முடிவை வீடு வீடாகத் திரும்பப் போய்ச் சொல்ல ஒரு ரூபாய்கூட ஒதுக்கவில்லை. திட்டம் முடிந்தது, எங்கள் சம்பளமும் நின்றது.

இப்படித்தான் நடக்கும் என்றும் இல்லை. 1956-இல் ஐசிஎம்ஆர், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், அன்றைய மதராஸ் அரசு எல்லாம் சேர்ந்து சென்னையில் காசநோய் ஆய்வு தொடங்கின. மருத்துவமனைகளில் படுக்கை போதவில்லை. நெருக்கடியான வீட்டில், சத்தில்லாத சாப்பாட்டோடு இருக்கும் ஏழைக்கு வீட்டிலேயே மருந்து கொடுத்தால் குணமாகுமா? சென்னைக்குத் தேவைப்பட்ட கேள்வி அது. சானடோரியத்தில், அதாவது காசநோய் மருத்துவமனையில் தங்கி இருந்தவர்களுக்கு ஏறக்குறைய சமமாக வீட்டில் இருந்தவர்களும் குணமானார்கள். 1959-இல் வெளிவந்த அந்த முடிவு உலகத்தின் காசநோய் சிகிச்சையையே மாற்றியது. அன்று தொடங்கிய நிலையம் இன்றும் சேத்துப்பட்டில் இருக்கிறது.

அடுத்து யாராவது கூட்டாய்வு என்று இந்தக் கரைக்கு வந்தால், கையெழுத்துக்கு முன்னால் முடிவைத் திருப்பிச் சொல்ல எவ்வளவு பணம், எந்தத் தேதி, யார் பொறுப்பு என்று கேளுங்கள். கேள்விப் படிவம் எழுதும்போதே பாசி எடுக்கும் ஒரு பெண்ணை உட்கார வையுங்கள்.

நாளைக் காலை மதினியை அரசு சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போகிறேன். விரலில் ஒரு குத்து, அங்கேயே சொல்லிவிடுவார்கள்.