அக்டோபர் 2 கிராம சபையில் நாம் கேட்க வேண்டியது

திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்கள், வார்டு உறுப்பினர்களின் ஐந்தாண்டுக் காலம் 2026 அக்டோபர் மூன்றாம் வாரத்தோடு முடிகிறது. அடுத்த முறை நம்ம ஊர் பொதுவா, பெண்களுக்கா, ரிசர்வேஷன் எப்படி மாறும் என்று டீக்கடைகளில் பேச்சு ஓடுகிறது. பேசட்டும். எனக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. தேர்தல் உரிய நாளில் வராமல் போனால், அந்த இடைக்காலத்தில் ஊர்ப் பணத்தையும் ஊர் வேலையையும் யார் கண்காணிப்பது?

வராமல் போகும் என்று ஜோசியம் சொல்லவில்லை. நாம் பட்டு அறிந்தவர்கள். 2016 அக்டோபரில் அப்போதைய தலைவர்களின் காலம் முடிந்தது. தேர்தல் தள்ளிப் போனது. 2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டம் ஆனது. பழைய மாவட்டத்தின் 19 ஒன்றியங்களில் 10 அந்தப் பக்கம் போயின, 9 இந்தப் பக்கம் நின்றன. அந்த டிசம்பரில் 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது, புதிதாகப் பிரித்தமைக்கப்பட்ட 9 மாவட்டங்களுக்கு மட்டும் வார்டு மறுவரையறை முடித்துவிட்டு நடத்துங்கள் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நாம் அந்த ஒன்பதில் இருந்தோம். நமக்கு வாக்குப்பதிவு நடந்தது 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில். ஒரு முழுப் பதவிக்காலம் அளவுக்கு, ஐந்து வருடம், நம் ஊராட்சிகளில் நாம் தேர்ந்தெடுத்த ஒருவர்கூட இல்லை. நம்மோடு சேராத மற்ற மாவட்டங்களிலும் (அன்றைய 27, பிறகு மயிலாடுதுறை பிரிந்து 28) 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு காலம் முடிந்து தனி அலுவலர்கள் வந்துவிட்டார்கள்.

தனி அலுவலர் என்றால் தேர்ந்தெடுத்த மன்றத்துக்குப் பதிலாக ஊராட்சியை நடத்தும் அரசு அலுவலர்; கிராம ஊராட்சிக்கு அவர் வட்டார வளர்ச்சி அலுவலர் (பிடிஓ)தான். திருநெல்வேலி மாவட்டத்தில் 204 ஊராட்சிகள், 9 ஒன்றியங்கள். சராசரியாக ஒரு பிடிஓ தலையில் 22 ஊராட்சிக்கு மேல் விழுகிறது. அவர் நல்லவரா கெட்டவரா என்பது இங்கே பேச்சே இல்லை. 22 ஊரின் தெருவிளக்கும் மேல்நிலைத் தொட்டியும் ஒரு மனிதரின் கண்ணுக்குள் அடங்காது. எங்கள் ஊரில் அந்த வருடங்களில் போர்வெல் மோட்டார் கருகினால், பம்ப் ஆபரேட்டரைக் கேட்டால் கிளார்க்கைக் கேளுங்கள் என்பார், கிளார்க்கைக் கேட்டால், "ஆபீசர் கையெழுத்து ஆகணும் அண்ணாச்சி, நான் என்ன செய்ய?" என்பார். அவர் சொன்னதில் பொய் இல்லை. கேட்டவருக்குத் தண்ணீரும் இல்லை, யாரிடம் சண்டை போடுவது என்றும் தெரியவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை என்று மத்திய நிதிக்குழு மானியமும் அந்தக் காலத்தில் நிறுத்தி வைக்கப்பட்டது. ஆக, பணமும் குறைவு, கேட்கவும் ஆள் இல்லை.

சட்டப்படி ஒவ்வொரு ஊராட்சிக்கும் ஐந்து குழு உண்டு: நியமனக் குழு, வளர்ச்சிக் குழு, வேளாண்மை நீர்வளக் குழு, பணிகள் குழு, கல்விக் குழு. இவற்றில் பணிகள் குழு ஒன்று ஒழுங்காக நடந்தாலே பாதிப் பிரச்சினை தீரும். சிமென்ட் ரோடு போடும்போது எம்-புக்கில் (வேலையின் அளவைப் பதியும் புத்தகம்) எழுதிய கனமும் தரையில் கிடக்கும் கனமும் ஒன்றுதானா என்று பார்க்க அந்த ஊர் ஆட்களைவிட யார் வேண்டும்? ஆனால் நான் பார்த்த ஊர்களில் பெரும்பாலும் இந்தக் குழுக்கள் தீர்மான நோட்டில் மட்டும் கூடுகின்றன. மன்றம் போனதும் அந்த எழுத்தும் நின்றுவிடும்.

பள்ளி மேலாண்மைக் குழுவைப் பாருங்கள். ஊராட்சித் தேர்தல் நடந்தாலும் நடக்காவிட்டாலும் அது இருக்கிறது. காரணம், அதில் நாலில் மூன்று பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். மன்றத்தின் ஆயுளோடு அதன் ஆயுளைக் கட்டி வைக்கவில்லை. ஊராட்சி வேலைகளைப் பார்க்கவும் அதேபோல மக்களிடமிருந்து நேராக அமையும் ஒரு குழு வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

அது எங்கே நிற்கும் என்று கேட்டால், கிராம சபையில் நிற்கும். அரசியல் சாசனம் 243-E பிரிவில் ஊராட்சிக்கு ஐந்து வருட ஆயுள் என்று எழுதியிருக்கிறது. கிராம சபைக்கு அப்படி ஆயுள் எதுவும் எழுதவில்லை. வாக்காளர் பட்டியலில் பேர் உள்ள எல்லோரும் சேர்ந்தால் அது கிராம சபை. தலைவர் பதவி இறங்கினாலும் கலையாது, தனி அலுவலர் வந்தாலும் கலையாது. நூறு நாள் வேலைச் சட்டம் வந்தபோது அதன் 17-ஆவது பிரிவு சமூகத் தணிக்கையைக் கிராம சபையிடம்தான் கொடுத்தது. மஸ்டர் ரோலில் (வேலைக்கு வந்தவர்களின் வருகைப் பட்டியல்) உள்ள பெயரைச் சபையில் வாசித்து, "இவுக வேலைக்கு வந்தாகளா?" என்று கேட்கும்போது எங்கள் ஊர்ப் பெண்கள் எழுந்து பதில் சொன்னதை நான் பார்த்திருக்கிறேன். அந்தத் தைரியத்தை ஒரு சட்டப் பிரிவு கொடுத்தது. நமக்கு நேர்ந்த கொடுமை என்னவென்றால், மன்றம் இல்லாத அதே காலத்தில் கொரோனாவும் வந்து 2020 அக்டோபர் 2, 2021 ஜனவரி 26 கிராம சபைகளும் நடக்காமல் போயின. மன்றமும் இல்லை, சபையும் இல்லை. அந்த மாதங்களின் கணக்கை இன்றுவரை ஊர் கேட்டதில்லை.

சபை நடத்துவது நமக்குப் புதுசா? மானூர் அம்பலநாதர் கோயிலில் பாண்டியன் மாறன் சடையன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது, கி.பி. 800-ஐ ஒட்டியது, உத்திரமேரூருக்கு நூறு வருடத்துக்கு மேல் மூத்தது. சபையில் உட்கார யாருக்குத் தகுதி, எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அதில் விதி செய்திருக்கிறார்கள். வைக்கிற யோசனைக்கெல்லாம் 'அன்று, அன்று' என்று முட்டுக்கட்டை போடுகிறவருக்கு ஐந்து காசு தண்டம். அது நிலப்பங்கும் வேதப் படிப்பும் உள்ள சிலரின் சபை; எல்லோருடைய சபை இல்லை. அந்தக் குறையை 1993-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது திருத்தம் சட்டத்தில் தீர்த்தது. ஊரில் தீர்ந்துவிட்டதா என்பது வேறு கதை.

கண்காணிப்புக் குழு என்று நான் சொன்னதும் சிலருக்குப் பயம் வரும். அந்தப் பயம் நியாயமானது. தாழையூத்து ஊராட்சித் தலைவராக இருந்த கிருஷ்ணவேணியை 2011-இல் வெட்டினார்கள். தலித் பெண் ஒருவர் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து தன் முடிவைத் தானே எடுத்தார் என்பதைப் பொறுக்க முடியாத மண் இது. படுகாயத்தோடு அவர் உயிர் பிழைத்தார். இப்படிப்பட்ட இடத்தில், 'ஊர்ப் பெரியவர்கள்' நாலு பேரைக் கூட்டி அதற்குக் கண்காணிப்புக் குழு என்று பேர் வைத்தால், அது பழைய நாட்டாமைக்குப் புது போர்டு. ஆகவே குழுவில் ஒவ்வொரு தெருவுக்கும், காலனிக்கும், குக்கிராமத்துக்கும் ஆள் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும், பெயர்களைக் கிராம சபையில் வாசித்து ஒப்புதல் வாங்க வேண்டும். இதில் சமரசம் கிடையாது. இந்த நிபந்தனை இல்லாமல் குழு அமைவதைவிட அமையாமல் இருப்பது நல்லது.

நகரத்தை ஒட்டிய ஊர்களுக்கு வேறு ஒரு கேள்வி உண்டு. ஊராட்சி மாநகராட்சியோடு சேர்ந்தால் கிராம சபையே போய்விடும். வார்டு குழுவும் பகுதி சபையும் அதற்குப் பதிலாக 2022 விதிகளில் வந்தன. 55 வார்டு உள்ள நம் மாநகராட்சியில் உங்கள் தெருவின் பகுதி சபைக்கு யார் உறுப்பினர் என்று பக்கத்து வீட்டில் கேட்டுப் பாருங்கள். இணைப்பு வேண்டாம் என்று மனுக் கொடுக்கிறவர்கள், இணைந்தால் எங்கள் பகுதி சபை எந்தத் தேதியில் கூடும் என்ற கேள்வியையும் அந்த மனுவிலேயே எழுத வேண்டும்.

இப்போது செய்ய வேண்டியதற்கு வருகிறேன். 2026 அக்டோபர் 2 கிராம சபைதான் இந்த மன்றம் இருக்கும்போது நடக்கும் கடைசிச் சபை. அன்று பணம் எவ்வளவு இருப்பு, எந்த வேலை பாதியில் நிற்கிறது, எந்த ஒப்பந்தக்காரருக்கு எவ்வளவு பாக்கி, எத்தனை மோட்டார் ஓடுகிறது, தூய்மைக் காவலர்களுக்கு எந்த மாதம் வரை சம்பளம் போயிருக்கிறது என்பதைத் தலைவரும் செயலரும் சபையில் வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்ததை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். தனி அலுவலர் வந்தால் அவர் வாங்கும் சாவி இந்தக் கணக்கோடு சேர்ந்து வரட்டும். அடுத்து, மேலே சொன்ன குழுவுக்கு ஒரு தீர்மானம்: அடுத்த மன்றம் பொறுப்பேற்கும் வரை இந்தக் குழு மாதம் ஒருமுறை வேலை நடக்கும் இடங்களைப் பார்க்கும், அடுத்த கிராம சபையில் பார்த்ததைச் சொல்லும், ஆவணம் கேட்டால் செயலர் காட்ட வேண்டும். இந்தத் தீர்மானத்துக்குத் தனிச் சட்ட அதிகாரம் இல்லை என்று அலுவலகத்தில் சொல்வார்கள். இருக்கட்டும். தீர்மான நோட்டில் ஏறட்டும். ஜனவரி 26 சபையில் அதைத் திறந்து கேட்க நமக்கு ஒரு பக்கம் வேண்டும்.

கோரமும் பாருங்கள், அதாவது சபைக்குக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்ற கணக்கு. 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200, அதற்கு மேல் 300. ஆள் குறைந்தால் தீர்மானம் செல்லாது. அறுவடை, நடுகை, பீடிக் கணக்கு என்று அன்றைக்கும் வேலை இருக்கும், தெரியும். பீடி சுற்றும் அக்காமார் தட்டைத் தூக்கிக்கொண்டே வரட்டும், சபையில் உட்கார்ந்து சுற்றட்டும். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். சொன்னால் நாங்கள் பதில் சொல்லிக்கொள்கிறோம்.