மூன்றாம் வகுப்பு என்றால் மட்டம் இல்லை

செப்டம்பர் 12 வந்தால் சாராகடிப் பதிவுகள் வரிசை கட்டும். 1897-ல் அதே நாளில், ஆப்கன் எல்லையோரம் இருந்த சாராகடிக் காவல்சாவடியில் 21 சீக்கிய வீரர்கள் கடைசிவரை போரிட்டு மடிந்தார்கள். கூடவே ஓர் ஆதங்கமும் வரும்: "21 பேர் உயிரைக் கொடுத்தும் வெள்ளைக்காரன் மூன்றாம் வகுப்புப் பதக்கம்தான் கொடுத்தான்." கோபம் நியாயம்தான். ஆனால் படவேண்டிய இடம் அது இல்லை.

அந்த விருது 'இண்டியன் ஆர்டர் ஆஃப் மெரிட்'. 1837-ல் கிழக்கிந்தியக் கம்பெனி தன் இந்தியப் படையினருக்காகத் தொடங்கியது. பிரிட்டிஷ் படையின் உச்ச வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் வந்ததே அதற்கு 19 ஆண்டு கழித்துத்தான். பெயரில் 'இண்டியன்' ஒட்டிக்கொண்டது 1902-ல். அந்த வருஷம் எட்வர்ட் மன்னர் தன் பங்குக்கு ஓர் 'ஆர்டர் ஆஃப் மெரிட்' ஆரம்பித்துவிட்டார்.

மூன்று வகுப்பும் மாடிப்படி மாதிரி. விதிப்படி, முதல் வீரச்செயலுக்கு மூன்றாம் வகுப்பு. அது கையில் இருப்பவர் மறுபடி ஒன்று செய்தால் இரண்டாம் வகுப்பு. இன்னொன்றும் செய்தால் முதல் வகுப்பு. இந்திய அதிகாரியான சுபேதாரும் சாதாரணச் சிப்பாயும் ஏறியது ஒரே படியில்தான். முதல் களத்திலேயே உயிர்விட்டவருக்கு மேலே ஏற வழி ஏது? 1897-ல் 36-ம் சீக்கியப் படையின் அந்த 21 பேரும் மூன்றாம் வகுப்பில் நிற்பது இதனால்தான். மூன்று படியும் ஏறி, நான்காம் முறைக்கு அடையாளமாகத் தங்கப் பட்டையும் வாங்கியவர் உண்டு: 5-ம் கூர்க்காப் படையின் கிஷன்பீர் நாகர்கோட்டி.

எட்டுமுனை நட்சத்திரம், கருநீல ரிப்பன், சிவப்புக் கரை. மூன்றாம் வகுப்பு முழுக்க வெள்ளி. இரண்டாவதில் நடு வளையம் மட்டும் தங்கம். முதலாவதில் நட்சத்திரமே தங்கம். ஆனால் சிப்பாய் வீட்டில் பேசியது கூடுதல் சம்பளத்தைப் பற்றித்தான் இருக்கும். மூன்றாம் வகுப்புக்குச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு கூடும், இரண்டாவதற்கு மூன்றில் இரண்டு, முதலாவதற்கு இரட்டிப்பு. மாதம் 7 ரூபாய் வாங்கியவருக்கு முதல் வகுப்பு என்றால் 14.

இதையும் 'ஆர்டர் ஆஃப் பிரிட்டிஷ் இந்தியா'வையும் குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம். அதுவும் 1837-தான், ஆனால் சுபேதார், ஜமேதார் போன்ற இந்திய அதிகாரிகளின் நீண்டகால விசுவாசத்துக்கு. முதல் வகுப்புக்கு 'சர்தார் பகதூர்' பட்டமும் தினம் 2 ரூபாயும், இரண்டாவதற்கு 'பகதூர்', 1 ரூபாய். கழுத்தில் மாட்டும் அதன் ரிப்பன் முதலில் வான நீலம். தலை எண்ணெய் பட்டுக் கறையானதால் மறு வருஷமே சிவப்பாக்கினார்கள்!

பழைய ஆவணம் பார்ப்பவர்கள் சறுக்கும் இடம் 1911. அந்த டிசம்பரில், ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் முடிசூடியதைக் கொண்டாடிய தில்லி தர்பாரில்தான் இந்தியப் படையினருக்கும் விக்டோரியா கிராஸ் உண்டு என்று அறிவித்தார்கள். உடனே இண்டியன் ஆர்டர் ஆஃப் மெரிட்டின் முதல் வகுப்பை எடுத்துவிட்டு, இரண்டாவதை முதலாவதாகவும் மூன்றாவதை இரண்டாவதாகவும் பெயர் மாற்றினார்கள். ஆக, முதல் உலகப்போர்க் காலத்து 'இரண்டாம் வகுப்பு' சாராகடியின் மூன்றாம் வகுப்பேதான். வருஷம் பார்க்காமல் ஒப்பிட்டால் கணக்குத் தப்பும்.

கோபப்படத்தான் வேண்டும் என்றால் இதற்குப் படுங்கள்: 1856 முதல் 1911 வரை, 55 ஆண்டு, பக்கத்தில் நின்று சண்டை போட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்க்குக் கிடைத்த விக்டோரியா கிராஸ் இவர்களுக்குக் கிடையாது.