முதலாண்டிலேயே ஆய்வகத்துக்குள் நுழையலாம்

"உயிரிப்பொறியியலில் மூன்றாம் ஆண்டு வரை ஆய்வகப் பக்கமே போக வேண்டாம், சிஜிபிஏ (மொத்த மதிப்பெண் சராசரி) இருந்தால் போதும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தவறு. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1969 முதல் இளநிலை ஆய்வுத் திட்டம் நடக்கிறது. முதலாண்டு மாணவர்களும் அதில் சேரலாம். சிஜிபிஏ வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மதிப்பெண் பைப்பெட் (திரவத்தை நுண்ணளவில் உறிஞ்சி விடும் கருவி) பிடிக்காது.

முதல் செமஸ்டரிலேயே செய்யக்கூடியது ஒன்று: 200 மைக்ரோலிட்டர் பைப்பெட்டை 100-இல் வைத்து, காய்ச்சி வடித்த நீரைத் துல்லியத் தராசில் பத்து முறை விட்டு எடை பாருங்கள். அறை வெப்பநிலையில் சராசரி 99.7 மில்லிகிராமை ஒட்டி வர வேண்டும் (ஒரு மைக்ரோலிட்டர் நீர் ஏறக்குறைய ஒரு மில்லிகிராம்). 97 வந்தால் பெரும்பாலும் உறிஞ்சும்போது பொத்தானிலிருந்து கட்டைவிரலைச் சட்டென்று விட்டிருப்பீர்கள், காற்று ஏறியிருக்கும். கூடுதலாக வந்தால், உறிஞ்சும்போதே பொத்தானை முதல் நிறுத்தத்தைத் தாண்டி இரண்டாவது நிறுத்தம் வரை அழுத்தியிருக்கலாம். முனை நீருக்குள் 2-3 மி.மீ. இருந்தால் போதும்.

3 மைக்ரோலிட்டர்தானே என்று விடாதீர்கள். 900 மைக்ரோலிட்டர் நீரில் 100 மைக்ரோலிட்டர் கரைசலைக் கலக்கும் பத்து மடங்கு நீர்த்தலை ஐந்து முறை தொடர்ந்தால், 97 எடுக்கும் கை கடைசிக் குழாயில் சுமார் 13 சதவீதம் குறைவான செறிவைத் தரும். அதை வைத்து வரையும் அளவீட்டுக் கோடும் (செறிவுக்கு எதிராகக் கருவியின் அளவைக் காட்டும் வரைபடம்) வளையும். பழி கருவி மேல் விழும்.

பத்து எடைகளையும் தேதியோடு குறிப்பேட்டில் பேனாவால் எழுதுங்கள், பிசகியதை அழிக்காமல் ஒரு கோடு மட்டும் போடுங்கள். ஆய்வகத்தில் இடம் கேட்டுப் பேராசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்பும்போது அந்தப் பக்கத்தை இணைக்கலாம்.