ஒரு ஞாயிற்றுக்கிழமை போதுமாம்!

"அந்தப் பழைய ஸ்லைடையெல்லாம் ஸ்கேன் பண்ணிடலாமே அண்ணா, ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தா முடிஞ்சிடாதா?"

கேட்டது தங்கை. கேட்டு ஏழு மாதம் ஆகிறது. நானும் அன்றைக்கு வெள்ளந்தியாகச் "சரி" என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். சித்தப்பா ஃபோன் பண்ணினால் நலம் விசாரிப்பதற்கு முன்னால், "என்னப்பா, அந்தப் படமெல்லாம் இன்னும் வரலையே?" என்கிறார். அக்கா பையன் அதற்கும் மேல். "மாமா, அதுக்கெல்லாம் ஆப் இருக்கு மாமா." இருக்கட்டும்டா. ஸ்லைடை அந்த ஆப்புக்குள் எந்த ஓட்டை வழியாகச் சொருகுவது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போ.

கணக்கைச் சொல்கிறேன், கேளுங்கள். அப்பா விட்டுப்போனது 33 பெட்டி ஸ்லைடு, அதாவது ஒவ்வொரு படமாகச் சின்னச் சட்டத்தில் மாட்டி, வெளிச்சத்தில் காட்டிப் பார்க்கிற ஃபிலிம். பெட்டிக்கு 36 ஸ்லைடு. ஆக 1,188. போதாததற்கு ஒரு தகர டப்பா நிறையக் கறுப்பு வெள்ளை நெகட்டிவ். ஒவ்வொரு ஸ்லைடையும் எடுத்து, ரப்பர் பந்தால் காற்றடித்துத் தூசி தட்டி, எந்தப் பக்கம் பளபளப்பு, எந்தப் பக்கம் மங்கல் என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, மெஷினில் சொருகி, முன்னோட்டம் ஓட்டி, ஃபோகஸ் பார்த்து, அப்புறம் நிஜ ஸ்கேன். எல்லாம் ஒழுங்காக நடந்தாலே ஐந்து நிமிடம். 1,188 ஸ்லைடுக்கு 99 மணி நேரம். இதில் சாப்பாடு, தூக்கம், மின்வெட்டு, வாயில் வரும் வசவு எதுவும் சேரவில்லை. எந்த ஊர் ஞாயிற்றுக்கிழமையில் 99 மணி நேரம் இருக்கிறது?

நேரம்கூடப் போகட்டும். என் வயிற்றெரிச்சல் நேரத்தைப் பற்றியது இல்லை. மெஷினைப் பற்றியது.

நான் வைத்திருப்பது ஃபிலிமுக்கென்றே செய்த ஸ்கேனர். யாரோ பயன்படுத்திக் கைமாறி, இன்னொருவரிடம் கைமாறி, என்னிடம் வந்து சேர்ந்தது. கம்பெனி பெயர் வேண்டாம். கம்பெனியே அதை மறந்துவிட்டது. 4000 டிபிஐ, அதாவது ஒரு அங்குலத்தில் 4000 புள்ளி. 24க்கு 36 மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு ஃபிரேமை இரண்டு கோடிப் பிக்சலுக்கு மேல் உரித்தெடுத்துத் தரும். படத்தைச் சுருக்காமல் சேமிக்கிற டிஃப் கோப்பு ஒன்று 128 எம்பி. படம் வந்தால், ஐயோ, அப்பா போட்டிருந்த சட்டையின் நெசவு தெரிகிறது. அதனால்தான் இந்தக் கிழட்டுச் சனியனைத் தலைமுழுகவும் முடியவில்லை.

ஆனால் அதைக் கம்ப்யூட்டரோடு பேச வைக்கிற கூத்து இருக்கிறதே! அது ஃபயர்வயர் என்ற பழைய இணைப்பு முறையின் காலத்து ஆள். இன்றைய லேப்டாப்பில் ஃபயர்வயர் துளை ஏது? இணைப்புக் கம்பி ஒன்று, அதன் வாலில் ஃபயர்வயர் 400லிருந்து 800க்கு மாற்றும் கட்டை, அதன் வாலில் 800லிருந்து அடுத்து வந்த இணைப்பான பழைய தண்டர்போல்ட்டுக்கு, அதன் வாலில் பழைய தண்டர்போல்ட்டிலிருந்து புதியதற்கு. நல்ல பாம்பு மாதிரி மேஜையில் நெளிந்து கிடக்கும். நடுவில் ஒரு கட்டை சூடானால் போதும், 34ஆவது ஸ்லைடில் எல்லாம் அறுந்துபோகும். சரி, பாம்பு ஒழுங்காகவே வேலை செய்கிறது என்று வையுங்கள். கூட வந்த மென்பொருள் புது சிஸ்டத்தில் திறக்கவே திறக்காது. வியூஸ்கேன் மாதிரி வெளி மென்பொருள் எழுதுகிறவர்கள், கம்பெனிகள் கைகழுவிய மாடல்களையெல்லாம் இன்றைக்கும் ஓட வைக்கிறார்கள், அவர்களுக்குக் கோவிலே கட்டலாம். ஆனாலும் அறுந்துபோகிற கம்பிக்கு மென்பொருள் என்ன செய்யும்?

கடைசியில் என்ன செய்தேன் தெரியுமா? இந்த ஒரு வேலைக்காகவே ஒரு புராதன லேப்டாப்பைத் தேடிப் பிடித்தேன். அதன் கடிகார பேட்டரி செத்துப்போனது. ஒவ்வொரு முறை போடும்போதும் அதற்கு இன்று 2002, ஜனவரி 1. மாற்ற மறந்தால் 1978இல் எடுத்த படம் 2002இல் பிறந்ததாகக் கோப்பில் பதிவாகும். நான் பெரும்பாலும் மறந்துவிடுகிறேன்.

இதில் தூசி துடைக்கும் வித்தை ஒன்று உண்டு. அகச்சிவப்புக் கதிரை ஃபிலிமின் ஊடாக விட்டுப் பார்ப்பார்கள். வண்ண ஃபிலிமின் சாயம் அந்தக் கதிரைத் தடுக்காது, தூசியும் கீறலும் தடுக்கும். தடுத்த இடத்தை மட்டும் மென்பொருள் அக்கம்பக்கத்தைப் பார்த்து ஒட்டுப் போட்டுவிடும். அருமையான யோசனை. ஆனால் கறுப்பு வெள்ளை நெகட்டிவில் இருப்பது சாயம் இல்லை, நிஜ வெள்ளி. வெள்ளியும் அந்தக் கதிரைத் தடுக்கும். இதை அணைக்க மறந்து ஒரு நாள் அம்மாவின் படம் ஒன்றை ஓட்டிவிட்டேன். கல்யாணத்துக்கு முன்பு எடுத்தது, பக்கவாட்டில் பார்த்துச் சிரிக்கிறாள். காதுக் கம்மல் பளிச்சென்று மின்னும் படம். மின்னுகிற இடம் நெகட்டிவில் அடர்ந்த கறுப்பு, அதாவது நிறைய வெள்ளி. மெஷின் அதைத் தூசி என்று முடிவுகட்டி, கம்மலைக் கழற்றி வைத்துவிட்டது. வெறும் காது. கண்ணோரமும் ஈரத்தில் கரைந்த ஓவியம் மாதிரி இழுபட்டுக் கிடந்தது. கோடக்ரோம் என்ற கோடக்கின் வண்ண ஸ்லைடு ஃபிலிமிலும் இதே தொல்லை, கொஞ்சம் குறைவாக. அப்புறம் என்ன, வித்தையை அணைத்துவிட்டு, ஒவ்வொரு புள்ளியாக நானே உட்கார்ந்து துடைத்தேன். ஒரே படத்துக்கு 40 நிமிடம்.

"புது மெஷின் வாங்கிக்கோயேன்" என்கிறார்கள். வாங்கலாம், செய்தால்தானே? கோனிகா மினோல்டா 2006இல் கேமராத் தொழிலையே விட்டுவிட்டுப் போனது, அதோடு அவர்களின் ஃபிலிம் ஸ்கேனரும் போச்சு. நிக்கானின் கூல்ஸ்கேன் வரிசை 2010 வாக்கில் நின்றது. அதன் மென்பொருள் 32 பிட் விண்டோஸ் விஸ்டாவோடு நின்றுவிட்டது. ஸ்லைடுப் புரொஜெக்டரைக் கோடக் 2004லேயே நிறுத்தியாயிற்று. இப்போது பிளஸ்டெக் மாதிரி ஓரிருவர் செய்கிறார்கள், அதற்கு நன்றி. ஆனால் அந்தச் சின்ன மெஷின்களில் ஒவ்வொரு ஃபிரேமையும் விரலால் தள்ளித் தள்ளித்தான் எடுக்க வேண்டும். 1,188 தள்ளல்.

இதில் என் வயிறு எரிவதற்கு இன்னொரு காரணம், ஃபிலிம் செத்துப்போகவில்லை என்பதுதான். செத்திருந்தால் சரி, காலம் போய்விட்டது என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். கோடக் தன் இன்னொரு ஸ்லைடு ஃபிலிமான எக்டாக்ரோமை நிறுத்திவிட்டு, 2018இல் திரும்பக் கொண்டுவந்தது. 2024இல் பென்டாக்ஸ் புத்தம்புது ஃபிலிம் கேமரா ஒன்றையே வெளியிட்டது. இளவட்டங்கள் கழுத்தில் ஃபிலிம் கேமராவோடு திரிகிறார்கள். ரோல் வாங்கலாம், கேமரா வாங்கலாம், கழுவவும் கொடுக்கலாம். கழுவின பிறகு அதைப் படிக்கிற மெஷின் மட்டும் இருபது வருடத்துக்கு முந்தையது! பெரிய லேப்களிலேயே இன்றைக்கும் ஓடுவது அந்தக் காலத்து நோரிட்சு, ஃபுஜி ஃபிரான்டியர் ஸ்கேனர்கள்தான். அதற்கு உதிரிபாகம் வேண்டுமென்றால் இன்னொரு செத்த மெஷினை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். சமையலறை கட்டி முடித்துவிட்டு அடுப்பை மறந்த வீடு மாதிரி இருக்கிறது இந்தத் தொழில்.

நாம் காத்திருக்கலாம். படம் காத்திருக்காது. சில பெட்டிகளைத் திறந்தாலே புளித்த காடி வாசம் மூக்கில் ஏறுகிறது. ஃபிலிமின் அடித்தளமான அசிட்டேட் பிளாஸ்டிக் சிதைந்து வருகிற அமில வாசம். ஒருமுறை ஆரம்பித்துவிட்டால் அந்த அமிலமே மேலும் சிதைக்கும். ஈரம் பட்ட பெட்டிகளில் பூஞ்சை. ஒரு ஸ்லைடில் வானம் முழுக்க இலையுதிர்ந்த மரக்கிளை மாதிரி வெள்ளை நரம்புகள் படர்ந்திருக்கின்றன. முதலில் மரம் என்றே நினைத்தேன். ஃபிலிம் மேல் இருக்கிற ஜெலட்டின் பூஞ்சைக்கு விருந்து. சில எக்டாக்ரோம்கள் ஒரேயடியாகச் சிவந்துவிட்டன, ஊரே செம்மண்ணில் புரண்டெழுந்த மாதிரி. பக்கத்தில் இருக்கும் கோடக்ரோமோ நேற்றுக் கழுவிய மாதிரி. இருட்டில் வைத்தால் அதன் நிறம் அவ்வளவு நாள் நிற்கும். புரொஜெக்டர் வெளிச்சத்தில் காட்டிக் காட்டி வைத்தால்தான் சீக்கிரம் வெளுக்கும்.

கோடக்ரோம் என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். தகர டப்பாவின் அடியில் ஒரு ரோல் கிடைத்தது. எடுத்து முடித்து, கழுவாமலே விட்ட ரோல். அதைக் கழுவும் முறை மற்ற ஃபிலிம் மாதிரி இல்லை, நிறத்துக்கான பொருளே கழுவும்போதுதான் சேர்க்கப்படும். உலகத்தில் அதைச் செய்துகொண்டிருந்த கடைசி லேப், அமெரிக்காவின் கான்சாஸில் பார்சன்ஸ் என்ற ஊரில் இருந்த டுவேய்ன்ஸ் ஃபோட்டோ. 2010 டிசம்பரோடு அவர்களும் ரோல் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். இன்றைக்குக் கறுப்பு வெள்ளையாக வேண்டுமானால் தேற்றலாம், வண்ணம் போனது போனதுதான். அப்பா அதில் எதை எடுத்தார் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

சரி, மாற்று வழிகளுக்கு வருவோம். சின்னதாக, அழகாக, "22 மெகாபிக்சல்" என்று பெட்டியில் எழுதிய ஸ்கேனர்கள் ஆன்லைனில் கொட்டிக் கிடக்கின்றன. ஸ்கேனர் என்று சொல்வதே பாவம். உள்ளே இருப்பது மலிவான ஒரு குட்டிக் கேமராவும் ஒரு விளக்கும். ஃபோகஸ் மாறாது. இருக்கிற பிக்சலை ஊதிப் பெருக்கித்தான் அந்த 22 வருகிறது. வெளிச்சமான இடமெல்லாம் வெள்ளைக் காகிதம், நிழலெல்லாம் தார். ஜேபெக் தவிர எதுவும் தராது. காகிதத்தைக் கண்ணாடி மேல் படுக்க வைத்து எடுக்கிற சமதள ஸ்கேனரும் தேறவில்லை. பெட்டியில் 6400 டிபிஐ என்று போட்டிருக்கும், சோதனை அட்டை வைத்து அளந்தால் பாதிகூடத் தேறாது. பெரிய அளவு ஃபிலிமுக்கு அது போதும், 35 மில்லிமீட்டருக்கு அழுகைதான் வரும். சுருண்ட நெகட்டிவை அதன் பிளாஸ்டிக் சட்டத்தில் படுக்க வைப்பதற்குள் நம் விரல் ரேகை எல்லாம் ஃபிலிமில் பதிந்துவிடும்.

வெளியே கொடுத்துப் பார்க்கலாமே என்று ஒரு லேப்பில் 40 ஸ்லைடு கொடுத்தேன். மூன்று வாரம். வந்த கோப்புகளில் பாதி இடவலம் மாறியிருந்தது. அப்பா ஸ்டியரிங்கை மாற்றிப் போட்ட காரில் உட்கார்ந்திருக்கிறார். பின்னால் கடைப் பலகை கண்ணாடியில் பார்த்த எழுத்து. நான்கு ஓரமும் வெட்டு, கூர்மையை முறுக்கோ முறுக்கென்று முறுக்கியதில் எல்லார் தலையைச் சுற்றியும் ஒளிவட்டம். குடும்பமே மகான்கள். "சார், ஆட்டோமேட்டிக்கா வர்றது சார், நாங்க ஒண்ணும் பண்ணலை" என்றார்கள். அதுதானே பிரச்சினை, நீங்கள் ஒன்றுமே பண்ணவில்லை!

டிஜிட்டல் கேமராவால் படம் பிடிப்பது ஒன்றுதான் உருப்படியான வழி, இதை ஒப்புக்கொள்கிறேன். வேகமும் அதிகம். ஃபிலிமை அதன் நிஜ அளவிலேயே நெருக்கமாகப் பிடிக்கிற 1:1 மேக்ரோ லென்ஸ், அசையாத ஸ்டாண்டு, நிறம் சரியாகக் காட்டும் விளக்குப் பலகை, ஃபிலிமைத் தட்டையாகப் பிடிக்க ஒரு சட்டம். கேமராவும் ஃபிலிமும் மயிரிழை சாயாமல் நேருக்கு நேர் இருக்க வேண்டும். ஒரு கண்ணாடியைக் கீழே வைத்து, லென்ஸின் பிம்பம் நட்டநடுவில் விழுகிறதா என்று பார்த்துச் சரிசெய்வேன். செய்து முடித்ததும் யாராவது மேஜையில் கைவைப்பார்கள். ஃபோன் திரையை விளக்காக வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு மேதாவி சொன்னதைக் கேட்டு, அம்மாவின் நெற்றியில் ஃபோனின் பிக்சல் கட்டங்கள் விழுந்ததுதான் மிச்சம். ஸ்லைடாவது பரவாயில்லை. வண்ண நெகட்டிவில் இருக்கிற ஆரஞ்சுப் பூச்சை நீக்கி நிறத்தைத் திருப்ப உட்கார்ந்தால், ஒரே ரோலில் ஒருவருக்கு மஞ்சள் காமாலை, அடுத்தவர் பச்சையாக இருப்பார். அந்தப் பிளாஸ்டிக் சட்டத்தைக்கூட யாரோ புண்ணியவான் வீட்டில் 3டி பிரின்ட் போட்டு விற்கிறார். கோடிக்கணக்கில் ஃபிலிம் விற்ற தொழிலில், அதைத் தட்டையாகப் பிடிக்க ஒரு சட்டம் கேட்டால் தனிமனிதர் ஒருவரின் தயவில் நிற்க வேண்டியிருக்கிறது.

இத்தனைக்கும் ஸ்லைடை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தால் போதும், எல்லாம் தெரிகிறது. கம்பி வேண்டாம், டிரைவர் வேண்டாம், பாஸ்வேர்டு வேண்டாம். ஸ்லைடைச் சுற்றியிருக்கும் மவுண்ட் சட்டத்தின் ஓரத்தில் கழுவிய மாதமும் வருடமும் அச்சாகியிருக்கிறது, அதன் கீழே அப்பாவின் பென்சில் எழுத்து, "மழைக்கு முன்". ஐந்து சென்டிமீட்டர் சதுரத்துக்குள் கறுத்த மேகமும், கொடியிலிருந்து துணியை அவசரமாக எடுக்கிற அம்மாவும். இதைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோகத்தான் இத்தனை பாடு.

நேற்று 11ஆவது பெட்டி முடிந்தது. இன்னும் 792. "அண்ணா, எவ்வளவு தூரம் வந்திருக்கு?" என்று தங்கை மெசேஜ் போட்டிருக்கிறாள். பதில் போடவில்லை. 12ஆவது பெட்டியைப் பிரித்து வைத்துவிட்டு மெஷினைப் போட்டேன். விளக்கு மூன்று முறை மின்னிவிட்டு, உள்ளே கர்ர்ர் என்று ஏதோ பல்சக்கரம் வழுக்குகிற சத்தம். அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்து மறுபடி போட வேண்டும். போன வாரம் அப்படித்தான் சரியானது.