இரண்டு கிழமை போதும், கேள்வி இங்கிருந்தே போகட்டும்

"இரண்டு கிழமையில் என்ன வரலாறு படிக்கப் போகிறார்கள்? கம்பஸ் பெயரில் சுற்றுலா." நம் பிள்ளைகள் குறுகிய காலப் படிப்புக்கு வெளிநாடு போகிறார்கள் என்றாலே மட்டக்களப்பில் இந்தக் கதை கிளம்பிவிடும். எனக்கு இதில் உடன்பாடில்லை. அமெரிக்கக் கல்லூரிகளிலிருந்து வெளிநாடு போய்ப் படிப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் போவது இப்படியான சில வாரப் படிப்புகளுக்குத்தான். பல படிப்புகளில் விரிவுரையாளரும் கூடவே போவார். ஐரோப்பாவின் எராஸ்மஸ் என்ற மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் நேரில் 5 முதல் 30 நாள், மிச்சம் இணையவழி என்று ஒரு வகையே இருக்கிறது. ஆகவே நாள் கணக்கை வைத்து ஒரு படிப்பை எடைபோட முடியாது. போகிற பிள்ளை இங்கிருந்து என்ன கேள்வியைக் கொண்டு போகிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

என் மருமகள் வரலாறு படிக்கிறாள். ஒரு குழுவோடு தமிழ்நாட்டுக்குப் போய்வந்தாள். பூம்புகாரில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டேன். "கண்ணகி சிலையைப் பார்த்தம் மாமா, போட்டோ எடுத்தம், பஸ் வெளிக்கிட்டுட்டு" என்றாள். அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஏற்பாடு செய்தவர்கள் எங்கே சாப்பாடு, எங்கே தங்குவது என்று நிமிடக் கணக்கில் எழுதிக் கொடுத்தார்கள். எதைத் தேடிப் போகிறோம் என்று ஒரு வரி எழுதவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில் கதவு திறந்து சடங்கு நடக்கிற ஊரில் பிறந்தவள் அவள். கண்ணகி கதைப் பாட்டான வழக்குரையைப் படிப்பதைச் சின்ன வயதிலிருந்து கேட்டவள், அம்மனைக் குளிரச் செய்கிற குளிர்த்திச் சடங்குக்கு விடியும்வரை முழித்திருந்தவள். எங்கள் கிழக்கில், செட்டிபாளையத்திலும் காரைதீவிலும் கண்ணகி அம்மன் என்றால் நோய் தீர்க்கிற, மழை தருகிற தாய். கதை பிறந்த பூம்புகாரிலோ அவளுக்குச் சிலையும் கலைக்கூடமும் இருக்கின்றன, எங்களைப் போல ஊருக்கு ஊர் கோயிலும் சடங்கும் இல்லை. அங்கே இலக்கியமாக நின்றது இங்கே எப்படித் தெய்வமாக வேர்விட்டது? சிலப்பதிகாரம் சொல்கிற கயவாகு மன்னனோடு வந்ததா, கேரளக் கரையிலிருந்து வந்த குடிகளோடு வந்ததா? சிங்கள மக்கள் பத்தினித் தெய்யோ என்று அவளையே கும்பிடுகிறார்களே, அது எந்த வழி? இந்தக் கேள்விகளோடு பூம்புகார்க் கடற்கரையில் அரை நாள் நின்று, அங்குள்ள மீனவக் குடும்பங்களிடம் "உங்களுக்குக் கண்ணகி யார்?" என்று கேட்டு எழுதிவரும் பிள்ளை, வகுப்பில் ஒரு தவணை முழுக்க இருந்தாலும் கிடைக்காத ஒன்றைப் படித்துவரும். கேட்கப்படுகிறவர்களுக்கும் அது புதிய கேள்வியாக இருக்கும்.

காவிரிக் கழிமுகத்தில் எங்கள் கதை எத்தனை இடத்தில் கிடக்கிறது தெரியுமா? காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள் 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். பழந்தமிழ் இசையை ஆராய்கிற அவருடைய யாழ் நூல் 1947இல் அரங்கேறியதும் அந்தப் பக்கத்துத் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில்தான். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில், கோயிலுக்கு வருமானம் கொடுக்க வேண்டிய ஈழத்து ஊர்கள் பதிவாகியிருக்கின்றன. புறப்படுவதற்கு முன் பொலநறுவைக்கு ஒரு நாள் ரெயிலில் போய், சோழர் காலத்து வானவன்மாதேவி ஈசுவரத்தைப் பார்த்துவிட்டு அந்தக் கல்வெட்டின் முன் நின்றால், ஆண்டவர், ஆளப்பட்டவர் என்ற இரண்டு பக்கமும் ஒன்றாகப் புரியும். மட்டக்களப்பின் புளியந்தீவுக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து 1638இல் பிடித்த அதே ஒல்லாந்த (டச்சு) வணிகக் கம்பனி, 1658இல் நாகப்பட்டினத்தையும் அவர்களிடமிருந்தே பிடித்தது. நாகூர் தர்கா அதற்குப் பக்கம். கல்முனைக் கடற்கரைப் பள்ளிவாசலில், அந்தத் தர்காவில் அடங்கியிருக்கும் நாகூர் ஆண்டகை பெயரில் கொடியேற்றம் நடக்கிறதே, ஒலுவில் கம்பஸ், அதாவது தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல ஆய்வுக் கேள்வி வேண்டுமா?

இவ்வளவும் ஒரு பஸ்ஸில் சுற்றிவரக்கூடிய பிரதேசத்துக்குள். காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினத்துக்கு 2023 ஒக்டோபரில் கப்பல் தொடங்கியது. இடையிடையே நின்றாலும் கடல் வழி நாலு மணித்தியாலம்தான்.

சரி, காசு? இது நியாயமான கேள்வி. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு கிழக்கில் எத்தனை வீடுகள் பிள்ளையின் போடிங் காசுக்கே திண்டாடுகின்றன என்று எல்லோருக்கும் தெரியும். வசதியுள்ளவன் மட்டும் போகிற படிப்பென்றால் அதை நானே எதிர்ப்பேன். மாணவர் தங்கள் ஊரைப் பற்றி ஒரு கேள்வியை எழுதித் தரட்டும். அதை வைத்துத் தெரிவு செய்து, செலவைப் பல்கலைக்கழகமும் பழைய மாணவர்களும் ஏற்கட்டும். கோயில் கும்பாபிஷேகத்துக்கும் விளையாட்டுக் கழகங்களுக்கும் அள்ளிக் கொடுக்கிற புலம்பெயர்ந்த எங்கள் ஆட்கள் இதைக் கேட்டால் கொடுப்பார்கள். அதோடு, இதற்குப் பாடப் புள்ளி வேண்டும். புள்ளி இல்லாத எதையும் எங்கள் பிள்ளைகள் உல்லாசப் பயணமாகத்தான் எடுப்பார்கள். போக முன் ஒரு மாதமாவது வாசிப்பு, ஊரில் பெரியவர்களிடம் போய்க் கேட்டு எழுதுவது. வந்த பிறகு அறிக்கையைப் பீடத்தில் கொடுத்தால் மட்டும் போதாது, அந்த ஊர் மக்கள் முன்னால் வாசிக்கவும் வேண்டும்.

அவர்களும் இங்கே வர வேண்டும். கழிமுகத்துக் கல்லூரிகளில் சிலப்பதிகாரம் படிக்கிற பிள்ளைகள் வைகாசியில் வந்து எங்கள் வீடுகளில் தங்கி, சடங்கு நாட்களில் வழக்குரையை முழுவதும் கேட்கட்டும். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நாங்கள் பொறுப்பு. எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கு இடம் உண்டு. பல்கலைக்கழகத்தில் இதை எடுத்துச் செய்யக்கூடிய யாராவது வாசித்தால் எனக்கு எழுதுங்கள்.