விசை வேறு, சாவி வேறு

லினக்ஸ் இயங்குதளத்தின் மைய நிரலான கர்னலைப் பற்றிய கட்டுரையில், விசைப்பலகையில் தட்டும் ‘கீ’, தகவலைப் பூட்டும் மறையாக்கக் ‘கீ’ ஆகிய இரண்டையும் கட்டுரையாளர் ‘விசை’ என்றே எழுதிக் குழப்பிவிட்டார். தமிழில்தான் விசை, சாவி என்று இரண்டு சொற்கள் இருக்கின்றனவே!

கேரளத்தின் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் டி.டி.பி. கடையில் ஒரே விசைப்பலகையில் தமிழும் மலையாளமும் அடிக்கிறோம். ‘டி’ விசையைத் தட்டினால் கர்னல் மேலே அனுப்புவது 32 என்ற எண்ணை மட்டுமே. தமிழ்99 என்ற விசை அமைப்பு அதை ‘உ’ ஆக்குகிறது. மலையாள இன்ஸ்கிரிப்ட் அமைப்பு சந்திரக்கலை (நம் மெய்யெழுத்துப் புள்ளி போன்ற குறி) ஆக்குகிறது. (எழுத்து மட்டுமே வரும் வெறும் கன்சோல் திரை வேறு கதை.)

மறையாக்கச் சாவியோ கர்னலின் சாவிக்கொத்துக்குள் போய் அடைந்துகொள்ளும். அதிலும் ‘லாகான்’ (logon) என்ற வகைச் சாவியென்றால் போட்டவரே திரும்பப் படிக்க முடியாது.

இப்படிக் குழம்பித்தான் போன மாதம், மறையாக்கம் செய்த வட்டின் கடவுச்சொல்லை மறந்த ஒருவர், விசைப்பலகையை மாற்றித் தரச் சொல்லி வந்து நின்றார்.